தாத்தாட ஊர் தேடித் தமிழ்நாட்டுக்கு, அஞ்சு பேர், கையில 5 இலட்சம், காணுமோ?

பாரதிபுரத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சியில இருந்து எழுதுறன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நாங்கள் முந்தி மலையகம். தாத்தா, அம்மாட அப்பா, 77 கலவரத்தோட மாத்தளைப் பக்கத் தோட்டத்தை விட்டுட்டு இங்க வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர். அவர் ஏழெட்டு வயசில தன்ர அப்பாட கையைப் பிடிச்சுக்கொண்டு தமிழ்நாட்டு மண்டபம் கேம்ப்பால இலங்கைக்கு வந்தவராம், அங்க ஊசி போட்டதையும் உடுப்பெல்லாத்தையும் வாங்கி ஆவியில அவிச்சுத் திருப்பிக் குடுத்ததையும் சாகுமட்டும் கதையாச் சொல்லுவார். சொந்த ஊரைத் திரும்பப் பாக்காமலே போட்டார். அம்மாவுக்கு இப்ப 68, முழங்கால் வருத்தம், இந்த வரியம் போகாட்டி இனிப் போகமாட்டம் எண்டு எனக்குத் தெரியும். சீட்டு எடுத்த காசு 5 இலட்சம் (எங்கட ரூபா) கிடக்கு. நான், மனுசி, அம்மா, பிள்ளையள் ரெண்டு பேர். எட்டு ஒம்பது நாள். வாற தை மாசம் போகலாமெண்டு யோசினை.

கேள்வி என்னெண்டா, நான் ஸ்கூல் சேர்விஸ் வான் ஓடுறனான். இந்த வானையே காங்கேசன்துறையால கப்பலில ஏத்திக்கொண்டு போகலாமோ? இல்லாட்டி அங்க வாகனம் வாடைக்கு எடுத்து நானே ஓடலாமோ? பஸ்ஸில அம்மாவை ஏத்தி இறக்கிறது கஷ்டம்.

பாக்க நினைக்கிற இடங்கள்: தாத்தாட ஊர், மண்டபம் கேம்ப், தனுஷ்கோடி, ராமேஸ்வரம் (தாத்தாவுக்குத் தர்ப்பணம் செய்யவேணுமாம்), தஞ்சாவூர் முள்ளிவாய்க்கால் முற்றம் (2009 கடைசிச் சண்டையில செத்த சனத்துக்கான நினைவிடம்), பிறகு கோத்தகிரி. கோத்தகிரியில பெரியம்மா குடும்பம் இருக்கு, சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில (மலையகச் சனத்தில ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பின ஒப்பந்தம்) 70களில போனவை, பெரியம்மா செத்திட்டா, பிள்ளையள் இருக்கினம், அம்மா தன்ர அக்காவைக் கடைசியாக் கண்டது தான் கலியாணம் கட்ட முந்தி.

இன்னொரு பெரிய சிக்கல். ஊர்ப் பேர் வடிவாத் தெரியாது. தாத்தா பிரஜாவுரிமைக்குப் போட்ட பழைய விண்ணப்பத்தின்ர கொப்பி ஒண்டு அம்மாட தகரப் பெட்டிக்குள்ள இருக்கு, ஒவ்வொரு இடப்பெயர்விலயும் சொப்பிங் பையில சுத்திக் கொண்டு திரிஞ்சது. அதில ஜில்லா திருச்சி, தாலுகா குளித்தலை எண்டு கிடக்கு, ஊர்ப் பேரில முன்பாதியைக் கறையான் திண்டிட்டுது, "பட்டி" மட்டும்தான் மிச்சம். கூகுள் மப்பில திருச்சி மாவட்டம் முழுக்கத் தேடினன், குளித்தலை எண்டே ஒரு தாலுகா இல்லை. பேர் மாத்திப் போட்டாங்களோ? போய் வந்த ஆக்கள் ஆரும் சொல்லுங்கோ.

முறிகண்டிக் கச்சான்:
தம்பி, போன வரியம் நான் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு இதே பக்கம்தான் போய் வந்தனான், தெரிஞ்சதைச் சொல்லுறன்.

வானை மறந்திடுங்கோ. நாகபட்டினம் கப்பல் ஆக்களை மட்டும் ஏத்துறது, நாலு மணித்தியால ஓட்டம், வாகனம் ஏத்தேலாது. அதோட அந்தக் கப்பல் 2023 ஐப்பசியில தொடங்கிக் கொஞ்ச நாளில நிண்டு, 2024 ஆவணியில திரும்பத் தொடங்கி, மழை தொடங்க நிண்டு, 2025 மாசியில திரும்ப வெளிக்கிட்டது. மாரிக்கடல் அப்பிடித்தான். அதால தையை நம்பி டிக்கெட் போடாதேங்கோ, மாசி பங்குனி எண்டா மனம் ஆறுதல். பலாலியில இருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் பிளேன் இருக்கு, சின்னப் பிளேன்தான், திருச்சிக்கு 2025 பங்குனிக் கடைசியில விட்டவங்கள். உங்களுக்குத் திருச்சிதானே வேணும், ரெண்டு விலையையும் ஒரே நாளில வைச்சுப் பாருங்கோ, அஞ்சு பேர் பொதியையும் சேத்துப் பாத்தா சிலவேளை வித்தியாசம் பெரிசா இருக்காது. கப்பலெண்டா ஒண்டு, நீங்கள் எடுக்கிற வீசா நாகபட்டினத்தால இறங்கச் செல்லுமோ எண்டு டிக்கெட் போட முதல் யாழ்ப்பாணத்தில கேட்டுப்போட்டுத்தான் காசு கட்டவேணும்.

நீங்களே ஓடுறது: ஓடலாம், அங்கயும் இடப்பக்கம்தான், கொழும்பில ஓட்டோமொபைல் சங்கத்தில இன்டர்நெஷனல் பேர்மிட் எடுக்கலாம். ஆனா வாகனம் தாறவன் ஆதார் கார்ட் கேப்பான், டெப்போசிட் கேப்பான், எங்கயாவது ஒரு கீறல் பட்டாலும் நீங்கள் நிண்டு கதைச்சு முடிக்கிறதுக்குள்ள கப்பல் போயிடும். நான் கடைசியில றைவரோட எடுத்தன். ஏழு சீற் வண்டி, கிலோமீற்றருக்கு 18 இந்திய ரூபா, றைவர் பேட்டா நாளுக்கு 500, டோல் காசு எங்கட. இதுக்குள்ள ஒரு சூட்சுமம் இருக்கு, ஆரும் முதல் சொல்லமாட்டாங்கள். வெளியூர் ஓட்டமெண்டா நாளுக்குக் குறைஞ்சது 250 கிலோமீற்றர் கணக்குப் போடுவாங்கள், நீங்கள் ஊரில கோயில் வாசலில பகல் முழுக்க வண்டியை நிப்பாட்டி வைச்சாலும் 250க்குக் காசு. எட்டு நாளுக்கும் வண்டி பிடிச்சா 36,000, பேட்டா 4,000, மொத்தம் 40,000 இந்தியக் காசு, மூண்டரையால பெருக்கினா எங்கட காசில 1 இலட்சத்து 40 ஆயிரம். சீட்டுக் காசில கால்வாசிக்கு மேல. வண்டி உண்மையா ஓடுற நாளுக்கு மட்டும் பிடியுங்கோ, நாலு நாள் காணும். ஊர் தேடுற நாளில குளித்தலையில இருந்து உள்ளூர் ஓட்டோ பிடிச்சா அவனுக்குப் பட்டியெல்லாம் மனப்பாடம். டவுன் பஸ்ஸும் மோசமில்லை, அங்க 2021ல இருந்து சாதாரண டவுன் பஸ்ஸில பொம்பிளையளுக்குக் காசில்லை, எங்கட அம்மா காசை நீட்ட கண்டக்டர் பூச்சியம் ரூபா டிக்கெட் ஒண்டைக் கிழிச்சுக் குடுத்தார், அம்மா அதை இப்பவும் பேர்சுக்குள்ள வைச்சிருக்கிறா.

அடுத்தது ரூம். இரவு பத்து மணிக்கு ஒரு ஊருக்குப் போய் லொட்ஜ் தேடாதேங்கோ. எங்களை மூண்டு இடத்தில பாஸ்போட்டைக் கண்ட உடன "ரூம் இல்ல சார்" எண்டு அனுப்பினவங்கள். வெளிநாட்டுக்காரர் தங்கினா லொட்ஜ்காரர் 24 மணித்தியாலத்துக்குள்ள அந்த விபரத்தை அரசாங்கத்துக்கு அனுப்பவேணும், சின்ன ஆக்களுக்கு அது தலையிடி. முதலே ஃபோன் பண்ணி "சிலோன் பாஸ்போட், ரூம் தருவீங்களோ" எண்டு கேட்டு வையுங்கோ. பாஸ்போட், வீசா கொப்பி ஆளுக்குப் பத்து அடிச்சுக்கொண்டு போங்கோ, சிம் எடுக்கவும் அதுதான் கேப்பாங்கள். அங்க தேத்தண்ணிக் கடையிலயும் ஃபோனைக் காட்டித்தான் காசு கட்டுறாங்கள், எங்களிட்ட அது இல்லை, சில்லறை நோட்டா மாத்தி வைச்சிருங்கோ.

கோத்தகிரி வெட்டுங்கோ தம்பி. அது போக வர ரெண்டு நாள், மலை வளைவு, அம்மாட முழங்கால்.

குளத்துக்கட்டு:
வானை ஏத்துறதெண்டா ராமர் கட்டின பாலத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேக்கவேணும் மச்சான் 😄

பகிடி விடுவம். முற்றத்தைப் பற்றி: தஞ்சாவூரில விளார் ரோட்டில இருக்கு, 2013 கார்த்திகையில திறந்தது, திறந்து ஒரு கிழமைக்குள்ள மதிலை இடிச்சவங்கள். கல்லில செதுக்கின சிற்பங்கள், சனம் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஓடுறது, பங்கர், எல்லாம் இருக்கு. நாகபட்டினத்தில இருந்து திருச்சி போற வழியில தஞ்சாவூர் தானா வரும், தனி ஓட்டம் தேவையில்லை. ரெண்டு மணித்தியாலம் ஒதுக்கினாக் காணும், கட்டாயம் பாக்கவேணும் எண்டுதான் நான் சொல்லுவன்.

பாரதிபுரத்தான்:
கச்சான் அண்ணை, கனக்க நன்றி, 250 கதை தெரியாமலே போயிருப்பன்.

குளத்துக்கட்டு, முற்றம் பற்றி நேற்று ராத்திரி அம்மாட்டச் சொன்னன். "நாம அங்கதானே நின்னோம், அதைக் கல்லுல வேற போய்ப் பாக்கணுமா"ன்னு கேட்டா. நான் ஒண்டும் கதைக்கேல்ல. பிள்ளையளுக்குக் காட்டவேணும் எண்டு எனக்கு விருப்பம், பெரியவனுக்கு 14, 2009ல அவன் பிறக்கவே இல்லை. அம்மாவை மனுசியோட பெரிய கோயிலில இருத்திப்போட்டு நானும் பெடியளும் போட்டு வரலாமெண்டு நினைக்கிறன். ஊர்ப் பேர் விசயம் இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லயே.

கேம்ப் அக்கா:
தம்பி, நான் முல்லைத்தீவு. 90ல மன்னார்க் கரையால வள்ளத்தில போய் மண்டபம் கேம்ப்பில பதினைஞ்சு வரியத்துக்கு மேல இருந்திட்டுத் திரும்பி வந்தனான், அதால அந்தத் துண்டை நான் சொல்லுறன்.

கேம்ப்புக்குள்ள நீங்கள் நினைச்ச மாதிரிப் போகேலாது. இப்பவும் எங்கட சனம் அங்க இருக்கு, வாசலில பதிவு, கியூ பிராஞ்ச் எண்டு ஒரு பொலிஸ், வெளியாக்கள் அனுமதி எடுக்கவேணும். நீங்கள் சிலோன் பாஸ்போட்டோட வாசலில நிண்டு படம் பிடிச்சா உள்ளுக்க இருக்கிற சனத்துக்குத்தான் பிறகு கேள்வி. தயவுசெய்து அதைச் செய்யாதேங்கோ. மண்டபம் கேம்ப் எண்டு அதே பேரில ஒரு ரயில் ஸ்டேசன் இருக்கு, சின்ன ஸ்டேசன், போர்டில பேர் பெரிசா எழுதியிருக்கு. அம்மாவை அதில ஒரு வாங்கில இருத்துங்கோ. உங்கட தாத்தாவை அந்த லைனாலதான் கொண்டுவந்து இறக்கியிருப்பாங்கள், அப்ப சிலோன் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புற ஒஃபிஸ் திருச்சியில இருந்தது, அங்க இருந்து ரயிலில மண்டபம், அங்க ஒரு கிழமை மட்டில மறிச்சு வைச்சு நோய் பாத்து, பிறகு பாம்பன் பாலம் தாண்டித் தனுஷ்கோடி, அங்க இருந்து கப்பலில தலைமன்னார். பாம்பன் பாலம் 1914ல திறந்தது, அந்த வரியம்தான் இந்தக் கப்பல் ஓட்டமும் தொடங்கினது, அதுக்குக் கனகாலம் முந்தி வந்த சனம் தோணியில வந்து மன்னாரில இருந்து காட்டுக்குள்ளால மாத்தளை மட்டும் நடந்தது. 2023ல தலைமன்னாரில இருந்து மாத்தளைக்கு நடைபவனி போனவை எல்லே, மலையகச் சனம் வந்த 200 வரியத்து நினைவுக்கு, அதே வழி.

இன்னொண்டு சொல்லட்டோ. உங்கட பெரியம்மா 70களில திரும்பிப் போகேக்கயும் பெரும்பாலும் இதே மண்டபத்திலதான் இறக்கியிருப்பாங்கள். தாத்தா வரேக்க அது, பெரியம்மா போகேக்க அது, நான் ஓடிப்போகேக்கயும் அதுதான். எனக்கு அங்க இருக்கேக்க இதொண்டும் தெரியாது. பக்கத்து வரிசையில ஒரு மலையகத்துக் கிழவி இருந்தவ, அவதான் ஒருநாள் தண்ணி லைனில நிக்கேக்க "எங்கப்பனை இங்கதான் வரிசையில நிக்க வெச்சாங்களாம், இப்ப என்னைய குடத்தோட நிக்க வெச்சிருக்காங்க" எண்டு சொன்னா.

தனுஷ்கோடிக்கு ராமேஸ்வரத்தில இருந்து 20 கிலோமீற்றர் மட்டில, 2017ல இருந்து அரிச்சல்முனை மட்டும் நல்ல ரோட். விடியப் போங்கோ, பொழுதுபட முன்னம் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். 1964 மார்கழி 22 ராத்திரிப் புயலில ஊரும் போய் ரயிலும் சனத்தோட போனது, இப்ப இடிஞ்ச சேர்ச் சுவரும் ஸ்டேசன்ர மிச்சமும்தான் நிக்குது, பக்கத்தில சங்கு, பாசிமணி விக்கிற கொட்டில்கள். முனையில நிண்டா ஃபோன் சிலநேரம் எங்கட சிக்னலைப் பிடிக்கும், தலைமன்னார் 30 கிலோமீற்றர் கூட இல்லை. நான் முந்தி ஒருக்கா அப்பிடித்தான் அண்ணைக்கு மிஸ்கோல் அடிச்சனான்.

தர்ப்பணம்: தை அமாவாசைக்குப் போகாதேங்கோ, ராமேஸ்வரத்தில கால் வைக்க இடமிராது, ரூம் விலையும் மூண்டு மடங்கு. சாதாரண நாளில அக்கினி தீர்த்தக் கரையில ஐயர்மார் இருப்பினம், எவ்வளவு எண்டு முதலே கேட்டு முடிச்சுப்போட்டு இருங்கோ, இருந்த பிறகு கேட்டா "உங்க இஷ்டம்" எண்டு தொடங்கித் தானம், கோதானம் எண்டு நீளும். 22 தீர்த்தமும் குளிக்கிறதெண்டா ஈரத்தோட நடை, கல்லுத் தரை வழுக்கும், அம்மாவுக்கு வேண்டாம்.

பழைய கிளாக்கர்:
பாரதிபுரத்தான், உம்மட கறையான் திண்ட துண்டுக்கு வாறன். நானும் மலையகத்து அடிதான், வவுனியாவில பென்சன் எடுத்திட்டு இருக்கிறன், இப்பிடி ஏழெட்டுக் குடும்பத்துக்குக் கடிதம் எழுதிக் குடுத்திருக்கிறன்.

ஆரும் பேர் மாத்தேல்ல. ஜில்லாவைத்தான் பிரிச்சுப் போட்டாங்கள். குளித்தலை 1995ல கரூர் மாவட்டத்தோட போயிட்டுது, நீர் திருச்சி மாவட்டத்துக்குள்ள தேடினா எப்பிடிக் கிடைக்கும்? பழைய குளித்தலைத் தாலுகாவும் இப்ப அந்த அளவில இல்லை, கிருஷ்ணராயபுரம், கடவூர் எண்டு தனித் தாலுகாக்கள் வந்திட்டுது, மூண்டுக்குள்ளயும் தேடவேணும். மற்ற ஆக்களும் இதைக் கவனிச்சுக்கொள்ளுங்கோ. பழைய பேப்பரில ராமநாதபுரம் ஜில்லா எண்டு இருந்தா அது 1985க்குப் பிறகு சிவகங்கையாவோ விருதுநகராவோ இருக்கலாம், சேலம் எண்டு இருந்தா நாமக்கல்லா இருக்கலாம். புதுக்கோட்டை சமஸ்தானம் எண்டு எழுதியிருந்தா அது 1948க்கு முந்தின கதை, மாவட்டமா வந்தது 1974ல.

"பட்டி" எண்டதை வைச்சு ஒண்டும் செய்யேலாது, அந்தப் பக்கம் மூண்டு ஊருக்கு ஒரு ஊர் பட்டிதான். ரெண்டு வழி இருக்கு.

ஒண்டு, கோத்தகிரி. போகச் சொல்லேல்ல, ஃபோன் எடுக்கச் சொல்லுறன். பெரியம்மா போகேக்க இந்தியப் பாஸ்போட்டும் கண்டியில குடுத்த குடும்ப அட்டையும் கொண்டுபோயிருப்பா. அந்தச் சனம் சோறில்லாட்டியும் அந்தக் கடதாசியை எறியாது, வீட்டுக் காசுக்கும் வேலைக்கும் அதைத்தான் காட்டவேண்டி இருந்தது. அதில சொந்த ஊர் எழுதியிருக்கும். உம்மட தாத்தாட மகள்தானே அவவும்.

ரெண்டு, குலதெய்வம். அம்மாட்டக் கேளும், தாத்தா எந்தச் சாமி பேரில சத்தியம் பண்ணுவார், என்ன கூத்துப் பாடுவார் எண்டு. பெரியக்காண்டி எண்டு சொன்னாலோ, பொன்னர் சங்கர் கூத்துப் பாடினவர் எண்டாலோ ஆள் பெரும்பாலும் மணப்பாறை, குளித்தலைப் பக்கம்தான், அந்தக் கதை நடந்ததெண்டு சொல்லுற வீரப்பூர் அங்கதான் இருக்கு, திருவிழா மாசியில. தோட்டத்துக்கு வந்த சனம் பிடிமண் (சொந்த ஊர்க் கோயில் மண்ணில ஒரு பிடி) கொண்டுவந்துதான் கோயில் வைச்சது, சாமி பேர் மாறாது. ஊருக்குப் போனா முதலில கிராம நிர்வாக அலுவலரிட்டப் போகாதையும், கோயில் பூசாரியிட்டப் போம். ஒஃபிஸில போய் "எங்கட தாத்தாட ஊர்" எண்டு தொடங்கினா காணி கேட்டு வந்திருக்கிறான் எண்டு நினைச்சு வாய் திறக்கமாட்டினம். நான் எழுதிக் குடுத்த ஒரு குடும்பம் அப்பிடித்தான் ரெண்டு நாள் வீணாக்கிச்சு. "பட்டா கேட்டு வரேல்ல, சாமி கும்பிட வந்தனாங்கள்" எண்டு முதல் வசனத்திலயே சொல்லிப்போடும், பிறகு மோர் வரும்.

நாளைப் பற்றி: அந்தப் பக்கங்களில கன குடும்பங்கள் மாசிச் சிவராத்திரிக்குத்தான் குலதெய்வக் கோயிலுக்குப் போறது, சென்னை, திருப்பூர் எண்டு சிதறிக் கிடக்கிற பங்காளியள் எல்லாம் அண்டைக்கு ஒரே இடத்தில நிப்பினம். கோத்தகிரிப் பிள்ளையளையும் அங்க வரச் சொல்லும். நீங்கள் அஞ்சு பேர் மலை ஏறுறதை விட அவை ரெண்டு பேர் பஸ்ஸில இறங்கிறது மலிவு. திரும்பேக்க ராமேஸ்வரத்தில இருந்து வந்த வழியே திருச்சிக்குப் போகாமல் கடற்கரை ரோட்டால தொண்டி பிடிச்சு நாகபட்டினம் வாரும், தொண்டியும் எங்கட ஆக்கள் தோணி ஏறின துறைதான்.

பாரதிபுரத்தான்:
கிளாக்கர் ஐயா, நீங்கள் எழுதி நாலு நாளாச்சு, இப்பதான் பதில் போட நேரம் கிடைச்சது.

கோத்தகிரி அண்ணைக்கு ஃபோன் எடுத்தன். முதல் அஞ்சு நிமிசம் ரெண்டு பேருக்கும் என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்ல, அங்க மழையோ, இங்க வெயிலோ எண்டு கதைச்சம். கடதாசி இருக்கு எண்டார். ராத்திரி வட்ஸப்பில படம் வந்தது, பெரியம்மாட பழுப்பு நிறப் பாஸ்போட், தலைமயிரை இழுத்துக் கட்டின சின்னப் பொம்பிளை ஒண்டு. ஊர்ப் பேர் முழுசா இருக்கு, பட்டியிலதான் முடியுது, கடவூர்த் தாலுகாவுக்குள்ள வருது. பேரை இங்க போடேல்ல, சனம் தேடிப் போயிடும் எண்டில்லை, அம்மா முதல் பாக்கட்டும். அம்மா ஃபோனைக் கையில வாங்கிப் பெரியம்மாட முகத்தைத்தான் பாத்தா, ஊர்ப் பேரைப் பாக்கவே இல்லை. சாமியும் கேட்டன், பெரியக்காண்டியேதான்.

கேம்ப் அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி ஸ்டேசனில இருத்துறன், கேம்ப் பக்கம் கமரா தூக்கமாட்டன். தர்ப்பணம் தாத்தாவுக்கு மட்டும். காணாமல்போன என்ர சொந்த அண்ணைக்கும் சேத்துச் செய்யலாமே எண்டு மனுசி மெல்லக் கேக்க, "அவன் பேரு இன்னும் லிஸ்ட்டுல இருக்கு, எள்ளுத் தண்ணி ஊத்த நான் யாரு"ன்னு அம்மா எழும்பிப் போயிட்டா. 2009 வைகாசியில இருந்து தேடுறம். அந்தக் கதை அதோட நிக்குது.

இப்ப கணக்கு: போறது சிவராத்திரிக்கு ரெண்டு நாள் முன்னம். வண்டி நாலு நாள்தான், 20,000 இந்தியக் காசு, எங்கட 70 ஆயிரம். எட்டு நாளெண்டா முடியிறதில பாதி மிச்சம். ரூம் திருச்சியில மூண்டு இரவு, ராமேஸ்வரத்தில ரெண்டு, ரெண்டு இடமும் சிலோன் பாஸ்போட் எண்டு சொல்லி ஓம் வாங்கியாச்சு. மிச்ச இரவுக்கு ஊரில ஆரும் படுக்கச் சொல்லுவினமோ தெரியாது, வீட்டில தங்கினாலும் பதியவேணுமோ எண்டதை வீசாக்காரரிட்டயே கேக்கப்போறன். கப்பலோ பிளேனோ எண்டது வீசா கையில வந்த பிறகுதான்.

இண்டைக்கு வீசாவுக்குப் படம் எடுக்கப் போனம், 2 அங்குலத்துக்கு 2 அங்குலம், பின்னால வெள்ளை. அம்மாவுக்கு மட்டும் ரெண்டாந்தரம் எடுக்கவேண்டி வந்தது. முதல் படத்தில பல்லுத் தெரியச் சிரிச்சிட்டா, அது செல்லாதாம்.